தம்பி சட்டைப் பையில் இருந்த அட்டை



மலருக்கு ஆளுக்கொரு கட்டுரை தரணும்னு கூட்டமைப்புத் தலைவி அக்கா சொன்னபோது கோலம், சமையல் குறிப்பு, பாட்டி வைத்தியம் எல்லாவற்றையும் மற்றவர்கள் முந்திக்கொண்டு எடுத்துக்கொண்டார்கள். "நீதான மசாலா யூனிட்டுக்குப் பொறுப்பா இருக்க, அதோட வரலாற எழுதிக் குடு" என்று எனக்குச் சொன்னார்கள். நம்ம யூனிட்டுக்கு வயசு நாலு. நாலு வயசுப் பிள்ளைக்கு என்ன வரலாறு எழுத முடியும்? அதனால் வேறு ஒரு வரலாற்றை எழுதுகிறேன். சூப்பர்வைசர், மேஸ்திரி, மேனேஜர் என்று வேலை வாங்குகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு 'கூட இருப்பவர்களைக் கேட்டு, கலந்து பேசி வேலையை நடத்து' என்று பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த வரலாறு. நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது என் தலைக்குள் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மறைப்பதில் பிரயோஜனம் இல்லை, யூனிட்டில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

போன மார்கழியில் பொங்கலுக்கு முன்னால் கொடுக்க வேண்டும் என்று 300 கிலோ சாம்பார் பொடிக்கு ஆர்டர் வந்தது. அவ்வளவு பெரிய ஆர்டர் நமக்கு அதுதான் முதல் தடவை. எனக்குத் தூக்கமே வரவில்லை. காலை ஒன்பதரைக்கு ஆரம்பிக்கிற வேலையை ஏழு மணிக்கு ஆரம்பித்தால்தான் முடியும் என்று நானே கணக்குப் போட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பேப்பரில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். திங்கட்கிழமையில் இருந்து ஏழு மணி. யாரையும் கேட்கவில்லை. கேட்கணும்னு தோணவும் இல்லை.

நம்ம யூனிட்டில் வறுக்கிற அக்கா ஒருத்தர் இருக்கிறார். மல்லி வறுபட்டு வாசனை மாறுகிற நேரம் அவர் மூக்குக்குத்தான் தெரியும். அவர் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் எட்டரைக்குத்தான் வந்தார். புதன்கிழமை எட்டுப் பேர் முன்னால், "நேரத்துக்கு வர முடியலன்னா வீட்லயே இருந்துக்குங்க" என்று சொல்லிப்புட்டேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கரண்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். வியாழக்கிழமை வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

ஆர்டரை முடித்தோம். ஆனால் வெந்தயத்தை வறுத்தது வேறு கை. ஒரு ஈடு கருகி, பொடி கசந்துபோச்சு. இரண்டு கடைக்காரர்கள் பாக்கெட்டுகளைத் திருப்பி அனுப்பினார்கள். நான் அப்பவும், 'அந்த அக்காவுக்குத் திமிர், வேணும்னே காலை வாரிவிட்டுட்டாங்க' என்றுதான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பொங்கலுக்கு என் தம்பி ஊருக்கு வந்தான். அவன் சென்னைப் பக்கம் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் இருக்கிறான். போன வருஷம்தான் லைன் லீடர் ஆனான். அவன் சட்டையைத் துவைக்கப் போடும்போது பையில் ஒரு சின்ன அட்டை. இரண்டு பக்கமும் அச்சடித்திருந்தது. ஏதாவது கடன் அட்டையோ என்று பயந்துபோய் எடுத்துப் பார்த்தால், ஆட்களை எப்படி நடத்துவது என்று எழுதியிருந்தது.

"என்னடா இது?"

"டிரெயினிங்ல குடுத்தாங்கக்கா. லீடரா போறவங்க எல்லாரும் படிக்கணும். இது அமெரிக்காக்காரன் எழுதினது, ஜப்பான்காரன் காப்பாத்தி வச்சிருந்தது."

அட்டையின் ஒரு பக்கத்தில் நாலு விஷயம். ஒவ்வொரு ஆளுக்கும் அவர் வேலை எப்படி இருக்கிறது என்று சொல்லு. நல்லது செய்தால் அப்போதே பாராட்டு. ஒருவரைப் பாதிக்கிற மாற்றம் எதுவானாலும் முன்கூட்டியே அவருக்குத் தெரிவி. ஒவ்வொருவரிடமும் உள்ள திறமையை முழுசாகப் பயன்படுத்து. இவ்வளவுதான். மூன்றாவதைப் படித்ததும் எனக்கு முகம் சுட்டது. அட்டையைத் திருப்பித் தம்பி சட்டைப் பையிலேயே வைத்துவிட்டேன். ராத்திரி எடுத்து மறுபடி படித்தேன். அவன் இருந்த ஐந்து நாளும் கேட்டுக் கேட்டு, அவன் போன பிறகு போனில் தேடித் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம்ம பக்கம் வேலை வாங்குகிறவர் என்றாலே சத்தம் போடுகிறவர்தான். கட்டட வேலைக்குப் போனால் மேஸ்திரி, தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களுக்குக் கங்காணி. சத்தம் போட்டால்தான் வேலை நடக்கும் என்று அவர்களும் நினைத்தார்கள், வேலை செய்கிறவர்களும் நம்பினார்கள். நம்ம ஊரில் மட்டும்தான் இப்படி என்று நான் நினைத்திருந்தேன். நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்க ஆலைகளிலும் இதே கதைதான். அங்கே போர்மேன் என்பவர் ராஜா. ஆளை எடுப்பதும் அவர், துரத்துவதும் அவர் என்று இருந்த ஆலைகள் ஏராளம்.

இதை மாற்றிப் பேசியவர்களில் ஒருவர் பெண் என்று தெரிந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. மேரி பார்க்கர் ஃபாலெட் என்று பெயர். 1868ல் பாஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில் குவின்சி என்ற ஊரில் பிறந்தவர். சின்ன வயசிலேயே அப்பா இறந்துபோனார், அம்மா உடம்புக்கு முடியாதவர். வீட்டுப் பொறுப்பு அந்தப் பிள்ளை தலையில். ஆனாலும் படித்தார். படித்து முடித்த பிறகு கம்பெனி எதிலும் மேனேஜராகப் போகவில்லை. பாஸ்டனில் ஏழை ஜனங்கள் இருக்கிற பகுதிகளில் பள்ளிக்கூடக் கட்டடங்களைச் சாயங்காலம் திறந்து வைக்கச் செய்து, அங்கே ஊர் ஜனங்களும் இளவட்டங்களும் கூடிப் பேசவும் படிக்கவும் ஏற்பாடு செய்தார். பள்ளிக்கூட வராண்டாவில் பாய் விரித்துக் கூட்டம் போடுகிற நமக்கு இதைப் படித்தால் என்ன தோணும்? நமக்கு மூத்த அக்கா ஒருத்தர் அங்கே இருந்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோணுச்சு.

அந்தக் கூட்டங்களில் கண்டதை வைத்துப் புத்தகம் எழுதினார். 1920களில் பெரிய பெரிய கம்பெனி மேனேஜர்கள் அவரைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லிக் கேட்டார்கள். ஆலை எதையும் நடத்தாத பெண் ஆலைக்காரர்களுக்குப் பாடம் நடத்தினார். அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். அதிகாரம் இரண்டு வகை. ஒன்று, மேலே நின்றுகொண்டு அடுத்தவர்மேல் செலுத்துவது. இன்னொன்று, கூட நின்று எல்லாரும் சேர்ந்து உண்டாக்குவது. அப்புறம், உத்தரவு என்பது ஒரு ஆள் இன்னொரு ஆளுக்குப் போடுவதாக இருக்கக் கூடாது, இரண்டு பேரும் வேலையின் நிலவரத்தைப் பார்த்து, அந்த நிலவரம் என்ன கேட்கிறதோ அதைச் செய்ய வேண்டும் என்றார்.

அவர் சொன்ன ஜன்னல் கதையை யூனிட்டில் எல்லாருக்கும் சொன்னேன். நூலகத்தில் ஒரு சின்ன அறையில் அவரும் இன்னொருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவருக்கு ஜன்னலைத் திறக்கணும், இன்னொருவருக்கு மூடியே இருக்கணும். கடைசியில் பக்கத்து அறை ஜன்னலைத் திறந்தார்கள். திறக்கச் சொன்னவருக்குக் காற்று வந்தது. மூடச் சொன்னவர்மேல் காற்று நேராக அடிக்கவில்லை. ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுக்கவில்லை. உண்மையில் யாருக்கு என்ன வேணும் என்று கேட்டுப் பார்த்ததால் இரண்டு பேருக்கும் முழுசாகக் கிடைத்தது. இதைக் கேட்ட நம்ம பேக்கிங் தங்கச்சி, "அந்த ரூம்ல மாமியார் இருந்தா ஜன்னலே இருக்காதுக்கா" என்றாள். அது வேறு விஷயம்.

ஃபாலெட் 1933ல் இறந்துபோனார். அதற்குப் பிறகு ரொம்ப வருஷம் அவர் பெயரை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

அதே காலத்தில் சிகாகோ பக்கத்தில் ஹாதார்ன் என்ற இடத்தில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் பெரிய ஆலை இருந்தது. டெலிபோன் சாமான்கள் செய்வார்கள். 1924ல் அங்கே ஒரு சோதனை ஆரம்பித்தது. விளக்கு வெளிச்சம் கூடினால் வேலை கூடுமா என்று பார்க்கத்தான் தொடங்கினார்கள். வெளிச்சத்தைக் கூட்டினாலும் வேலை கூடுகிறது, குறைத்தாலும் சில சமயம் கூடுகிறது. கணக்கு உதைத்தது. 1927ல் ஆறு பெண்களைத் தனி அறையில் உட்காரவைத்தார்கள். டெலிபோன் ரிலே என்ற சின்னச் சாமானை, முப்பத்தைந்து துண்டு போலச் சேர்த்துக் கோர்க்கிற வேலை. இடைவேளை கொடுத்துப் பார்த்தார்கள், வேலை நேரத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் அந்தப் பெண்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள், அபிப்பிராயம் கேட்டார்கள். வழக்கமான போர்மேனுடைய கெடுபிடி அந்த அறையில் இல்லை. வேலை ஏறிக்கொண்டே போனது. கேட்டதும் மதித்ததும்தான் காரணம் என்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்து வந்த எல்டன் மேயோ குழுவினர் முடிவுக்கு வந்தார்கள். அப்புறம் ஆலையில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகளிடம் உட்கார்ந்து அவர்கள் மனசில் இருப்பதைக் கேட்டு எழுதினார்கள்.

இந்தக் கதையைப் பயிற்சிகளில் ரொம்பச் சிலாகித்துச் சொல்வார்களாம். ஆனால் எனக்கு இரண்டு இடத்தில் உறுத்தியது. 1928 ஜனவரியில் அந்த ஆறு பேரில் இரண்டு பேரை அறையை விட்டு எடுத்துவிட்டார்கள். என்ன குற்றம்? அதிகமாகப் பேசினார்களாம், ஒத்துழைக்கவில்லையாம். பேசச் சொல்லிக் கேட்ட அறையிலேயே பேசியதற்காக வெளியே போனவர்கள் அவர்கள். இன்னொன்று, அந்தச் சின்னக் குழு செய்கிற வேலைக்குத் தக்கபடி அந்தக் குழுவுக்கே கூலி என்று கூலி முறையையும் மாற்றியிருந்தார்கள். உழைத்தது நேராகத் தன் கைக்கு வந்தால் யாருக்குத்தான் கை ஓடாது? அதனால் வேலை கூடியது மரியாதையாலா காசாலா என்று படித்தவர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டாலும்தான். பிறகு பெரிய பொருளாதார மந்தம் வந்து, அந்த ஆலையிலேயே ஆயிரக்கணக்கான பேர் வேலை இழந்தார்கள். 1930களின் தொடக்கத்தில் சோதனையும் நின்றுபோனது.

இப்போது தம்பியின் அட்டைக்கு வருகிறேன்.

1940ல் ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்கா ஆயுதம், கப்பல், விமானம் எல்லாம் அவசர அவசரமாகச் செய்ய வேண்டியிருந்தது. தேர்ந்த ஆட்கள் போதவில்லை. பின்னால் அவர்களே போரில் இறங்கியதும் ஆண்கள் பட்டாளத்துக்குப் போக, ஆலை வாசலையே பார்த்திராத பெண்கள் லட்சக்கணக்கில் உள்ளே வந்தார்கள். நேற்று வரை சாதாரணத் தொழிலாளியாக இருந்தவர் இன்று போர்மேன். அவருக்கு இயந்திரம் தெரியும், ஆட்களை நடத்தத் தெரியாது. தெரிந்ததெல்லாம் தன் போர்மேன் தன்னைத் திட்டியது மட்டும்தான். நம்ம வீட்டில் மாமியாரிடம் பட்டதை மருமகளிடம் காட்டுகிற மாதிரி.

1940 ஆகஸ்டில் அரசாங்கம் இதற்கென்று ஒரு பயிற்சிப் பிரிவைத் தொடங்கியது. ஆங்கிலப் பெயர் டிரெயினிங் வித்தின் இண்டஸ்ட்ரி. சுருக்கமாக டி.டபிள்யூ.ஐ. சானிங் டூலி என்பவர் தலைவர், வால்டர் டயட்ஸ் என்பவர் துணையாக இருந்தார். இருவரும் பெரிய கம்பெனிகளில் பயிற்சி வேலை பார்த்து அனுபவப்பட்டவர்கள். பயிற்சியைப் பிரித்தார்கள். வேலையைச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்பது ஒன்று. வேலை செய்கிற முறையைச் செம்மைப்படுத்துவது ஒன்று. ஆட்களோடு இணக்கமாக இருந்து வேலையை நடத்துவது ஒன்று. மூன்றாவதற்கு ஜாப் ரிலேஷன்ஸ் என்று பெயர். ஹாதார்ன் ஆராய்ச்சியில் இருந்த ரோத்லிஸ்பெர்கர் போன்ற ஹார்வர்டு ஆட்களின் யோசனையும் இதற்குள் போனது. 1943ல் இருந்து ஆலை ஆலையாக நடத்தினார்கள்.

பயிற்சி நடந்த விதம்தான் எனக்குப் பிடித்தது. மொத்தமே பத்து மணி நேரம். இரண்டு இரண்டு மணி நேரமாக ஐந்து அமர்வு. ஒரு தடவைக்குப் பத்துப் பேர்தான். ஐம்பது பேரைக் கூட்டி மைக்கில் பேசுகிற கதை கிடையாது. ஒவ்வொருவரும் தன் பகுதியில் உண்மையிலேயே நடந்த ஒரு ஆள் பிரச்சினையைக் கொண்டுவர வேண்டும். 'எங்க ஆளு ஒருத்தன் லீவு போட்டுட்டே இருக்கான்' என்பது மாதிரி. அதை எல்லார் முன்னாலும் சொல்லி, அட்டையின் மறுபக்கத்தில் இருக்கிற நாலு படியில் ஏற்றிப் பார்க்க வேண்டும்.

முதல் படி, விவரம் சேர்ப்பது. அந்த ஆள் இதுவரை எப்படி வேலை செய்தார், அங்கே என்ன விதி, என்ன பழக்கம், சம்பந்தப்பட்டவரோடு நேரில் பேசி அவர் நினைப்பது என்ன, அவருக்கு மனசில் என்ன. இரண்டாவது, எடைபோட்டு முடிவெடுப்பது. விவரத்தை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, என்னென்ன வழி இருக்கிறது, ஒவ்வொன்றும் அந்த ஆளை, குழுவை, வேலையை எப்படிப் பாதிக்கும் என்று யோசிக்க வேண்டும். அவசரப்பட்டு முடிவுக்குத் தாவாதே என்று இங்கே எச்சரிக்கை. மூன்றாவது, செய்வது. நானே செய்யலாமா, யாரிடம் உதவி கேட்பது, எப்போது செய்வது. பொறுப்பை அடுத்தவர் தலையில் தள்ளாதே. நாலாவது, செய்தது பலித்ததா என்று திரும்பப் போய்ப் பார்ப்பது.

இதில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை என்று உங்களுக்குத் தோணலாம். எனக்கும் தோணுச்சு. இதெல்லாம் நம்ம பெரியவங்க சொல்றதுதானே என்று தம்பியிடம் சொன்னேன். "தெரியும்ல, அப்புறம் ஏன்கா செய்யல?" என்று கேட்டுவிட்டான்.

அந்தப் பயிற்சியை வகுத்தவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. நல்ல குணத்தை நம்பி அவர்கள் இருக்கவில்லை. கையில் அட்டை, முன்னால் ஒரு உண்மைப் பிரச்சினை, படிப்படியாகச் செய்துபார்க்கிற பழக்கம். பயிற்சி கொடுக்கிறவர்களும் சொந்தச் சரக்கைக் கலக்காமல், கையேட்டைப் பார்த்தே நடத்த வேண்டும் என்று கட்டாயம். ஒருவர் பயிற்றுநர் ஆவார், அவர் பத்துப் பேரைத் தயார் செய்வார், அந்தப் பத்துப் பேர் தங்கள் ஆலைக்குப் போவார்கள். நம்ம சமுதாய வளப் பயிற்றுநர் அக்காக்கள் ஒரு ஊரில் படித்து அடுத்த ஊருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்களே, அதே மாதிரி. 1945ல் போர் முடிகிறவரை 16,000க்கும் மேற்பட்ட ஆலைகளில் எல்லாப் பயிற்சியும் சேர்த்து 17 லட்சம் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். ஆட்களை நடத்துகிற பயிற்சி மட்டும் ஏறக்குறைய 5 லட்சம்.

அந்த வருஷம் செப்டம்பரில் அரசாங்கம் பயிற்சிப் பிரிவை மூடிவிட்டது. பட்டாளத்தார் திரும்பி வந்தார்கள், வேலைக்கு வந்த பெண்களில் நிறையப் பேர் வீட்டுக்குப் போனார்கள். சந்தையில் அமெரிக்கச் சாமானுக்குப் போட்டியே இல்லை. எதைச் செய்தாலும் விற்றது. விற்கும்போது ஆளைக் கேட்டு நடத்த வேண்டிய அவசியம் யாருக்கும் தெரியவில்லை போல. அட்டையைப் பெரும்பாலான இடங்களில் மறந்தே போனார்கள்.

ஆனால் தோற்ற நாட்டில் அது வேர் பிடித்தது. ஜப்பானில் ஆலைகள் குண்டுபட்டுக் கிடந்தன, நாடு அமெரிக்கப் படையின் கையில் இருந்தது. அந்தப் படை அதிகாரிகள் மூலம் இந்தப் பயிற்சி அங்கே போனது. 1951ல் அமெரிக்காவில் இருந்து ஒரு சின்னக் குழு வந்து ஜப்பானியப் பயிற்றுநர்களைத் தயார் செய்தது. ஜப்பான் தொழிலாளர் அமைச்சகமே எடுத்து நடத்தியது. டொயோட்டா கார் கம்பெனியும் அந்த 1950களின் ஆரம்பத்திலேயே எடுத்துக்கொண்டது. அவர்கள் விடவே இல்லை. புதிதாக ஒருவரைக் குழுத்தலைவராகப் போட்டால் பயிற்சி உண்டு.

அப்புறம் நடந்ததுதான் இந்த வரலாற்றிலேயே சுவாரஸ்யம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை ஒன்று இருந்தது. நிர்வாகத்துக்கும் தொழிலாளிக்கும் தினமும் சண்டை. வேலை நேரத்தில் குடி, திடீர் வேலைநிறுத்தம், நூறு பேரில் இருபது பேர் எந்த நாளும் வராமல் இருப்பது. 1982ல் ஆலையை மூடிவிட்டார்கள். 1984ல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதே ஆலையைத் திறந்தன. நும்மி என்று பெயர். ஊரே கெட்டவர்கள் என்று சொன்ன பழைய தொழிலாளிகளைத்தான் பெரும்பாலும் எடுத்தார்கள். அதே சங்கம்தான். மாற்றியது வேலை நடத்துகிற விதத்தை. குழுத்தலைவர்களாக வரப்போகிற சுமார் 450 பேரை ஜப்பானுக்கு அனுப்பி மூன்று வாரம் பயிற்சி கொடுத்தார்கள்.

முன்னால் அந்த ஆலையில் என்ன ஆனாலும் லைன் நிற்கக் கூடாது. தப்பான கார் போனாலும் போகட்டும், நிறுத்தினால் போர்மேன் தொலைத்துவிடுவார். இப்போது ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு கயிறு. ஏதாவது தப்பு என்று தோன்றினால் யாரும் இழுக்கலாம். இழுத்ததும் குழுத்தலைவர் ஓடிவந்து, ஏன் இழுத்தாய் என்று திட்டாமல் என்ன உதவி வேணும் என்று கேட்க வேண்டும். ஐந்தாறு பேருக்கு ஒரு தலைவர். அவரும் கூட நின்று வேலை செய்கிறவர். வேலையை எப்படிச் செய்வது என்று குழுவே பேசி எழுதி வைக்கும். இரண்டு வருஷத்துக்குள் ஜெனரல் மோட்டார்ஸின் மற்ற ஆலைகளை விட வேலையிலும் தரத்திலும் முன்னால் வந்தது. வேலைக்கு வராதவர்கள் நூற்றுக்கு மூன்று நாலு பேராகக் குறைந்தார்கள். அதே ஆட்கள்தான் அக்கா. எனக்கு இதை நம்பவே கொஞ்ச நாள் ஆச்சு.

வேகம் கூடிப்போச்சு, மூச்சு விட நேரமில்லை என்று அங்கேயும் முறையிட்டவர்கள் உண்டு. அதையும் எழுதத்தான் வேணும். ஜெனரல் மோட்டார்ஸ் தன் மற்ற ஆலைகளுக்கு இதைக் கொண்டுபோவதற்குள் ரொம்பக் காலம் ஆகிவிட்டது. நும்மியையும் 2010ல் மூடினார்கள்.

அந்த ஆலைக்காகப் பயிற்சிப் பாடங்களை ஆங்கிலத்தில் ஆக்குவதற்கு ஜான் ஷூக் என்ற அமெரிக்கர் ஜப்பானில் டொயோட்டாவில் வேலை பார்த்தார். ஒரு பாடத்தை எப்படி ஆக்குவது என்று அவர் திணறிக்கொண்டிருந்தபோது, கூட இருந்த ஜப்பானிய மூத்தவர் ஒருவர் மஞ்சள் ஏறி, காபிக் கறை பட்ட ஒரு பழைய கையேட்டைக் கொண்டுவந்து கொடுத்தாராம். அது ஆங்கிலத்தில்தான் இருந்தது. 1940களில் அமெரிக்காக்காரர்களே எழுதிய கையேடு! தன் வீட்டுச் சாமானைப் பக்கத்து வீட்டுக்காரி பத்திரமாக வைத்திருந்து எடுத்துக் கொடுத்த மாதிரி.

நமக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் 1989ல் தர்மபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதி உதவியோடு சுய உதவிக் குழுக்களைத் தொடங்கினார்கள். பிறகு மகளிர் திட்டமாக எல்லா மாவட்டத்துக்கும் வந்தது. ஊக்குநர், பிரதிநிதி என்று போடுகிறவர்களுக்குப் பயிற்சி உண்டு. நானும் போயிருக்கிறேன். எல்லாரும் வட்டமாக உட்காரணும், தலைவிக்கு நாற்காலி கிடையாது, கடன் யாருக்கு என்பதைக் குழுதான் முடிவு பண்ணணும். குழுக் கூட்டத்தில் இதையெல்லாம் நான் ஒழுங்காகத்தான் செய்தேன். யூனிட்டுக்குப் போனதும் அங்கே ஆர்டர், கெடு, மெஷின் என்று வந்தவுடன் கம்பெனிக்காரி ஆகிவிட்டேன். குழுவுக்கு ஒரு நியாயம், வேலைக்கு ஒரு நியாயம் என்று யார் எனக்குச் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை.

தம்பி ஊருக்குப் போன மறுநாள் வறுக்கிற அக்கா வீட்டுக்குப் போனேன். முதல் படி விவரம் சேர்ப்பது அல்லவா? எனக்கு ஒரு விவரமும் தெரியாது என்பது அங்கே போனதும்தான் தெரிந்தது. அவர் மாமியாருக்கு ஐப்பசியில் இருந்து ஒரு பக்கம் கை கால் வரவில்லை. காலையில் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, பேரனை எட்டேகால் வேனில் ஏற்றிவிட்டுத்தான் அவர் வெளியே வர முடியும். மூன்று நாளும் ஓடித்தான் வந்திருக்கிறார். எட்டரைக்கு வருவதே பெரிய காரியம்.

"ஏன்கா சொல்லல?" என்று கேட்டேன்.

"நீ கேட்டியா?" என்றார். பிறகு, "பேப்பர்ல எழுதி ஒட்டிட்டுப் போனவகிட்ட எங்க போய்ச் சொல்றது" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, காபி போட்டுக் கொடுத்தார். கிளம்பும்போது வாசலில் நின்று அவரே ஒரு விஷயம் சொன்னார். ஏழு மணிக்கு வறுக்கிற ஆளே வேண்டாம். வறுத்த சாமானைச் சூட்டோடு அரைத்தால் பொடி வேர்த்துக் கட்டிபிடிக்கும். இன்றைக்கு வறுத்ததை ஆறவைத்து நாளைக்குக் காலையில் அரைப்பதுதான் நல்லது. அப்படியானால் மிளகாய்க் காம்பு கிள்ளுகிறவர்களும் மெஷின் ஓட்டுகிறவர்களும் ஏழுக்கு வரட்டும், வறுக்கிறவர் ஒன்பதுக்கு வந்தால் போதும். மூன்று வாரமாக என் தூக்கத்தைக் கெடுத்த கணக்கை அவர் செருப்பு மாட்டுகிற நேரத்துக்குள் போட்டுவிட்டார். பக்கத்து அறை ஜன்னல் என் ஞாபகத்துக்கு வந்தது.

உடனே வந்துவிடவில்லை. தை கடைசியில்தான் வந்தார். அதுவும் மற்றவர்கள் எட்டுப் பேர் முன்னால் நான் பேசியதை, அதே எட்டுப் பேர் முன்னால் நான் தப்பு என்று சொன்ன பிறகு. அது அட்டையில் இல்லை, அவர் கேட்டது. காம்பு கிள்ளுகிற தங்கச்சி ஒருத்திக்கு என்மேல் இன்னும் கோபம் தீரவில்லை, வேலை விஷயம் தவிரப் பேசுவது கிடையாது. கூலி விஷயமும் பாக்கி இருக்கிறது. கையிருப்பு நிறைய இருக்கிற மாதத்தில் வறுக்கிறவருக்குத் தனியாகக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாமா, எல்லாருக்கும் சமமாகவே இருக்கட்டுமா என்று இரண்டு கூட்டம் பேசியும் முடியவில்லை. ஹாதார்ன் கதையை நான் அந்தக் கூட்டத்தில் சொன்னேன், எல்லாரும் அந்த இரண்டு பெண்கள் அப்புறம் என்ன ஆனார்கள் என்றுதான் கேட்டார்கள்.

தம்பி அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான். நான் நோட்டில் எழுதி வைத்ததைக் கிழித்து எடைபோடுகிற மெஷினுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். மஞ்சளும் மிளகாயும் படிந்து இரண்டு வரி இப்போதே தெரியவில்லை. வெயில் ஏறிவிட்டதால் வேலை நேரத்தை மறுபடி மாற்ற வேண்டியிருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை அது பற்றிப் பேசக் கூடுகிறோம். வறுக்கிற அக்கா ஏதோ யோசனை வைத்திருக்கிறாராம். என்னிடம் இன்னும் சொல்லவில்லை, கூட்டத்தில்தான் சொல்லுவாராம்.